பனாய் தீவில் ஒரு தம்பதியின் தன்னார்வப் பணியும் தீவுப் பயணமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் தம்பதிக்கும், ஒருங்கிணைப்பாளருக்கும், அந்தக் கடலோர ஊருக்கும் பெயர் சொல்லவில்லை. கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளைப் படித்து, ஊரில் சிலரோடும் பேசி, எல்லோருடைய சம்மதத்தோடும் எழுதியது இது. நான் தன்னார்வலர்களை அனுப்புவதற்கு முன் தயார்ப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். தீவுகளைப் பார்த்த மாதிரியும் இருக்கும், ஏதோ நல்லது செய்த மாதிரியும் இருக்கும் என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வு பல பொதுவான அறிவுரைகளைவிடப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

இருவரும் நாற்பதுகளில் இருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்கள். மனைவி பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவர் கட்டுமானத் தளங்களில் சர்வேயர். அங்கே ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை போகும். அந்த ஆறு வாரங்களைத்தான் அவர்கள் பிலிப்பைன்ஸுக்கு ஒதுக்கினார்கள். முதல் நான்கு வாரம் பனாய் தீவின் வடகிழக்குக் கரையில், இலோயிலோ மாகாணத்து மீனவ ஊர் ஒன்றில் அலையாத்தி (மாங்குரோவ்) கன்று நடும் பணி. கடைசி இரண்டு வாரம் பக்கத்திலுள்ள ஹிகான்டெஸ் தீவுகளும், போரகாய் எனும் சுற்றுலாத் தீவும். இதுதான் திட்டம்.

இந்தக் காலத் தேர்வைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நவம்பரில் அங்கே அமிஹான் என்று சொல்லும் வடகிழக்குப் பருவக்காற்று நிலைகொள்ளத் தொடங்கிவிடும். கிழக்கே விசாயன் கடலைப் பார்த்திருக்கும் இந்தக் கரையில் அது நேராக வந்து மோதும். புயல்களும் முற்றாக ஓய்ந்திருக்காது. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல், அந்நாட்டார் வைத்த பெயரில் யோலாண்டா, கரையேறி 6,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அது இதே வடக்கு இலோயிலோ வழியாகத்தான் கடந்து போனது. பள்ளி விடுமுறை எப்போதோ அப்போதுதான் ஆசிரியர்கள் கிளம்ப முடியும், அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் கடலுக்கு அந்த நாட்காட்டி தெரியாது.

நடும் பணிக்கு ஏன் இவ்வளவு தேவை என்பதற்கும் வரலாறு உண்டு. 1918இல் பிலிப்பைன்ஸில் ஏறத்தாழ 4.5 லட்சம் ஹெக்டேர் அலையாத்திக் காடு இருந்ததாகக் கணக்கு. 1990களில் அது சுமார் 1.2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. பெரும்பகுதி பங்குஸ் எனும் பால்மீனும் இறாலும் வளர்க்கும் குளங்களாக வெட்டப்பட்டது. ஹையானுக்குப் பிறகு அலையாத்தியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. பணமும் வந்தது, ஆட்களும் வந்தார்கள்.

தம்பதியை ஏற்ற அமைப்பு மிகச் சிறியது. ஒரு ஒருங்கிணைப்பாளர், இரண்டு உதவியாளர்கள், ஊர் மீனவர் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். தன்னார்வலர்கள் வாரக் கட்டணம் கட்டினால் ஊர் வீடு ஒன்றில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். நடும் செலவை நிறுவனங்களும் கல்லூரிகளும் கன்றுக்கு இத்தனை பெசோ என்று கொடுத்தன. காய் பொறுக்கிக் கொடுத்தாலும், நட வந்தாலும் ஊர்க்காரர்களுக்குக் கூலி உண்டு.

முதல் வாரத்தில் கண்டவை

முதல் சனிக்கிழமையே ஒரு பெரிய குழு பேருந்தில் வந்து இறங்கியது. ஒரே நிறச் சட்டை, பதாகை, ஒலிபெருக்கி. நீர் வற்றியிருந்த சேற்றுத் திட்டில் கயிறு கட்டி வரிசை பிடித்து எல்லோரும் பக்காவ் காய்களை ஊன்றினார்கள். நம் ஊர்களில் சுரபுன்னை என்று சொல்வதன் இனம்தான் பக்காவ். அதன் காய் மரத்திலேயே முளைவிட்டு நீண்டு கூர்மையாகத் தொங்கும். பொறுக்கி எடுத்து அப்படியே சேற்றில் குத்திவிடலாம், நாற்றங்கால் தேவையில்லை. இரண்டு மணி நேரத்தில் சில ஆயிரம் நட்டுவிட முடியும். படத்திலும் நன்றாக விழும்.

மறுநாள் ஞாயிறு, வேலை இல்லை. அந்தத் திட்டிலேயே இன்னும் கொஞ்சம் தெற்கே இருவரும் நடந்து போனார்கள். அங்கே பழைய வரிசைகள் இருந்தன. வரிசை என்றால் இலையில்லாத குச்சிகள். பலவற்றில் கொட்டலசு எனும் ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டி ஒட்டித் தண்டு பருத்திருந்தது, சிலவற்றைப் பாசி போர்த்தி மடக்கியிருந்தது. குச்சிகளுக்கு இடையில் கடல்புல் பச்சையாக இருந்தது. கரையோரம் இயற்கையாக வளர்ந்த மரங்கள் இருந்தன. அவற்றில் பக்காவ் குறைவு. கடலுக்கு முதலில் முகம் கொடுத்து நின்றவை மியாபி, பகாட்பாட் என்று ஊர்க்காரர்கள் சொல்லும், சேற்றிலிருந்து மூச்சு வேர் நீட்டும் மரங்கள்தான்.

மனைவியின் குறிப்பேட்டில் அன்று இரண்டே வரிதான் இருக்கிறது: நட்டது எங்கே என்பதும் மரம் நிற்பது எங்கே என்பதும் ஒன்றாக இல்லை, யாரைக் கேட்பது?

கேட்ட முதல் ஆள் அவர்கள் தங்கிய வீட்டு அம்மா. எல்லோரும் நானாய் என்று கூப்பிடுகிற, அறுபதைத் தாண்டிய பெண்மணி. நீர் வற்றும் நேரங்களில் கடல்புல் திட்டில் சிப்பியும் சங்கும் பொறுக்கி விற்றுத்தான் அவர் காலம் ஓடியது. ஊரில் அவரைப் போல இன்னும் பல பெண்கள். அவர் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: அந்த இடத்தில் மரம் என்றைக்கும் இருந்ததில்லை, குச்சி நட்ட பிறகு நடக்கக் காலில் குத்துகிறது, பொறுக்கும் இடம் சுருங்கிவிட்டது, யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அதே நேரம், காய் பொறுக்கும் கூலியை அவரும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அதில் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அரிசி வாங்க வேண்டுமே.

கடலை வைத்தே மட்டம் பார்த்தது

கணவருக்கு இந்த இடத்தில்தான் தன் தொழில் கைகொடுத்தது. மரம் எந்த மட்டத்தில் நிற்கிறது, கன்று எந்த மட்டத்தில் நடப்பட்டிருக்கிறது என்று அளந்துவிட்டால் வாதமே தேவையில்லை என்று அவர் நினைத்தார். கையில் கருவி ஏதும் இல்லை. ஆனால் ஓதம், அதாவது கடலின் ஏற்றம், உச்சிக்கு ஏறி, திரும்புவதற்கு முன் சற்று நேரம் அசையாமல் நிற்கும். காற்றில்லாத நாளானால் அப்போது முழுக் கடலும் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் மாதிரிதான். ஆறு மூங்கில் கழிகளில் பெயின்டால் அளவுக்கோடு போட்டு, மரத்தோரத்திலிருந்து புது வரிசை வரைக்கும் ஊன்றினார்கள். ஊர்ப் பையன்கள் ஆளுக்கொரு கழியருகே படகிலோ கழுத்தளவு நீரிலோ நின்றார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். அமிஹான் காலத்தில் அலையில்லாத உச்ச ஓதம் எளிதில் அமையாது. சில நாள் காத்திருந்து, ஒரு விடிகாலையில்தான் நம்பும்படியான அளவு கிடைத்தது.

புது வரிசைகள், மியாபி மரங்களின் கடைசி ஓரத்தைவிட அரை மீட்டருக்கும் அதிகத் தாழ்வில் இருந்தன. அரை மீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கலாம். ஆனால் அலையாத்தி மரங்கள் பொதுவாகக் கடலின் சராசரி மட்டத்திலும் அதற்கு மேலும்தான் நிற்கும்; மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மேல் நீரில் மூழ்கியிருந்தால் கன்று தாங்காது என்பது மீட்புப் பணியாளர்கள் கையாளும் கணக்கு. மனைவி இரண்டு பகல் முழுவதும் கரையில் உட்கார்ந்து நேரம் குறித்தார். அந்த வரிசைகள் வெளியே தெரிந்த நேரத்தைவிட நீருக்குள் இருந்த நேரமே மிக அதிகம்.

அடுத்து எண்ணிக்கை. மூன்று ஆண்டுகளின் பாத்திகளிலும் பத்து வரிசைக்கு ஒன்றை எடுத்து, உயிருள்ளது, செத்தது, காணாமல் போனது என்று எண்ணினார்கள். அந்த ஆண்டு நட்டவற்றில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. முந்தைய ஆண்டுப் பாத்தியில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அதற்கும் முந்தையதில் விரல்விட்டு எண்ணலாம். இது ஏதோ அந்த ஊரின் தனிக் குறையும் அல்ல. பிலிப்பைன்ஸ் அலையாத்தி மீட்புப் பணிகளைத் தொகுத்துப் பிரிமாவெராவும் எஸ்டெபானும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நீண்ட காலத்தில் பிழைப்பவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு என்கிறது. காரணமும் அதேதான்: பொருந்தாத இனம், பொருந்தாத இடம்.

இருவருக்குள் வந்த கருத்து வேறுபாடு

கணவர் அடுத்த சனிக்கிழமை நடப் போகமாட்டேன் என்றுவிட்டார். “சாகும்னு தெரிஞ்சே நடுறது என்ன வேலை?” என்பது அவர் கேள்வி. மனைவி போனார். வரிசை முடிந்தால்தான் அன்றைய கூலி. கூட நிற்கும் பெண்களின் வரிசையைப் பாதியில் விட்டால் அடி அவர்களுக்குத்தான் என்பது அவர் பதில். அந்த வாரம் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்று இரண்டு குறிப்பேடுகளிலுமே இருக்கிறது.

தம்பதியாகத் தன்னார்வப் பணிக்குப் போகிறவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஏற்கும் அமைப்புகள் இருவரையும் ஓர் ஆளாகவே நடத்திவிடுகின்றன. ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே அறை. இங்கே ஒருவர் ஒதுங்கி நின்றதும் இன்னொருவர் கூடவே நின்றதும் பயன்தான் கொடுத்தது என்பது என் கருத்து. மனைவி நட வந்ததால் பெண்கள் அவரை நம்பிப் பேசினார்கள். கணவர் வராததால் ஒருங்கிணைப்பாளரே ‘என்ன விஷயம்’ என்று கேட்டு வந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதையும் சமூக வலைத்தளத்தில் போடுவதில்லை. செத்த வரிசைகளின் படங்கள் கையில் இருந்தன; போட்டிருந்தால் பரவியிருக்கும். ஆனால் பணம் கொடுப்பவர்கள் விலகினால் முதலில் நிற்பது ஊர்க்கூலி. இவர்கள் சில வாரத்தில் விமானம் ஏறிவிடுவார்கள்.

இரண்டாவது, ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகப் பேசுவது. அவர் மறுக்கவில்லை. தாழ்வான இடம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. நட்ட எண்ணிக்கைக்குத்தான் பணம் வருகிறது, பிழைத்த எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை என்றார். சரியான மட்டம் எங்கே இருக்கிறது என்பதையும் அவரே காட்டினார்: மரங்களுக்குப் பின்னால், வெகுகாலமாக மீன் வளர்க்காமல் கரை உடைந்து கிடக்கும் ஒரு குளம். ஒரு காலத்தில் அதுவும் அலையாத்திதான். 1998இன் மீன்வளச் சட்டமும் 2015இல் வந்த அதன் திருத்தமும், கைவிடப்பட்ட குத்தகைக் குளங்களை மீண்டும் அலையாத்தியாக மாற்ற இடம் தருகின்றன. ஆனால் குத்தகைதாரர் நகரத்தில் இருக்கிறார், குத்தகை இன்னும் ரத்தாகவில்லை, ரத்து செய்யக் கோரும் மனு எங்கோ நிற்கிறது. கடலோரச் சேற்றுத் திட்டுக்கு யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. அதனால் எல்லோரும் அங்கேயே நடுகிறார்கள். மரம் வளராத இடத்தில் ஏன் நடுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த நாட்டில் பல ஊர்களில் இதுதான் விடை.

மூன்றாவது, இருவரும் நடுவதை நிறுத்திவிட்டு எண்ணும் வேலைக்கும் நாற்றங்கால் வேலைக்கும் மாறுவது. மியாபி, பகாட்பாட் விதைகள் சிறியவை. பையில் முளைக்க வைத்து வளர்த்துத்தான் நட வேண்டும். எண்ணிக்கைத் தாளை நானாயின் பேத்தி ஹிலிகாய்னோன் மொழியில் எழுதிக் கொடுத்தாள். இந்தச் சின்ன வேலைதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அச்சாணியானது.

நான்காவது, பயணத் திட்டத்தையே மாற்றியது. போரகாயில் தங்க வைத்திருந்த பணத்தின் பெரும்பகுதியை எடுத்து ஒரு வேன் வாடகைக்குப் பிடித்தார்கள். நானாய், சிப்பி பொறுக்கும் பெண்களில் இன்னொருவர், ஒருங்கிணைப்பாளர் மூவரையும் கூட்டிக்கொண்டு தீவின் வடமேற்கே அக்லான் மாகாணத்துக்குப் போனார்கள். ஒருங்கிணைப்பாளரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் அதுதான் முதல் பயணம்.

அக்லானில் பார்த்தவை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பக்காவ் மரமே தவறு என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடுவார்.

கலிபோ நகரையொட்டி பக்காவன் சூழல் பூங்கா இருக்கிறது. 1990இல் உள்ளூர்ச் சங்கத்தினர் 50 ஹெக்டேர் சேற்று நிலத்தில் நடத் தொடங்கியது, பெரும்பாலும் பக்காவ்தான். இன்று மூங்கில் நடைபாதையில் நீண்ட தூரம் நிழலிலேயே நடக்கலாம். நானாய் அங்கே நின்று கேட்ட கேள்வி நியாயமானது: இங்கே மட்டும் எப்படி? அக்லான் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டி நிலத்தை உயர்த்திக்கொண்டே இருக்கும் முகத்துவாரம் அது. அவர்கள் ஊர்த் திட்டில் அப்படி ஆறு எதுவும் இல்லை. இருக்கும் மண்ணையும் அமிஹான் அலை அரித்துக்கொண்டு போகிறது.

அங்கிருந்து போரகாய் போகும் நெடுஞ்சாலையிலேயே இபஹாய் வரும். அங்குள்ள கடுங்கான் பூங்கா நட்டு வளர்த்ததல்ல; வெட்டாமல் விட்டு வைத்த இயற்கைக் காடு. பரப்பு 44 ஹெக்டேர் அளவுதான், ஆனால் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அலையாத்தி இனங்கள் அங்கே உண்டு. மிகப் பழைய மியாபி மரங்கள் நிற்கின்றன. சிலவற்றை ஒரு ஆள் கைகோத்துப் பிடிக்க முடியாது, மூன்று நான்கு பேர் வேண்டும். தன் ஊர்க் கரையில் புதர் போல நிற்கும் அதே மரம் இவ்வளவு ஆகும் என்பதைப் பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் வேனில் திரும்பும் வழியெல்லாம் நாற்றங்கால் பற்றியே பேசினாராம்.

தம்பதி அப்படியே கட்டிக்லான் துறையிலிருந்து போரகாய்க்குப் படகேறி ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு வந்தார்கள். கழிவுநீர்ச் சீர்கேட்டுக்காக 2018இல் ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் அரசு மூடி வைத்த தீவு அது. கடற்கரை சுத்தமாக இருந்தது, கூட்டம் அதிகம், அவ்வளவுதான் குறிப்பேட்டில். திரும்பும் வழியில் இலோயிலோ நகரில் விசா நீட்டிப்பு. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆறு வாரத் திட்டத்துக்கு 29 நாள் நீட்டிப்பு வாங்க வேண்டும். அதற்கு ஒரு நாள் போனது.

தீவில் சிக்கிக்கொண்டது

ஊர்த்தலைவர், அங்கே கபிடான் என்பார்கள், அலையாத்தி விஷயத்தைப் பேச ஒரு ஊர்க்கூட்டத்துக்கு நாள் குறித்தார். டிசம்பர் நடுவாரம். அதற்கு முன் சில நாள் இடைவெளி இருந்தது. ஹிகான்டெஸ் தீவுகளுக்கு ஏற்கெனவே படகுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். போய் இரண்டு இரவு தங்கிவிட்டு, கூட்டத்துக்கு முந்தைய நாள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்கள்.

எஸ்டான்சியா துறையிலிருந்து வெளிப்பக்கம் கட்டை தாங்கிய பங்கா படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தீவுகள் சொன்னபடியே இருந்தன: சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே தாங்கே உப்புநீர்க் குளம், கபுகாவ் காமாய் என்ற சின்னஞ்சிறு தீவின் மணல் திட்டு, ஊரோரங்களில் மலை மலையாக ஸ்காலப் சிப்பி ஓடுகள். இரண்டாம் நாள் இரவு காற்று மாறியது. காலையில் வானிலை நிறுவனம் பலத்த காற்று எச்சரிக்கை வெளியிட்டது. இந்த எச்சரிக்கை வந்துவிட்டால், புயலே இல்லையென்றாலும், கடலோரக் காவல்படை சிறு படகுகளை விடாது. கெஞ்சியோ கூடுதல் பணம் காட்டியோ பயனில்லை, காட்டவும் கூடாது. 2019 ஆகஸ்டில் இலோயிலோவுக்கும் கிமாராஸ் தீவுக்கும் நடுவே திடீர்ச் சூறைக்காற்றில் மூன்று மரப்படகுகள் கவிழ்ந்து 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் யாரும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

தம்பதி காத்திருந்தார்கள். தீவில் ஏடிஎம் இல்லை. கையிலிருந்த பெசோவைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தார்கள். கைப்பேசி சிக்னல் ஒரு மேட்டில் ஏறினால் வரும், போகும். ‘படகில்லை, நீங்களே நடத்துங்கள், தாள் நானாயிடம் இருக்கிறது’ என்று ஒரு செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது. கூட்டம் முடிந்த பிறகுதான் அவர்கள் கரை திரும்ப முடிந்தது.

டிசம்பரில், அந்தக் கரையில், முக்கியமான நாளுக்கும் தீவிலிருந்து திரும்பும் படகுக்கும் நடுவே ஒரே ஒரு நாள் விடுவது போதாது. முன்பணத்தை விட்டிருந்தாலும் பெரிய இழப்பில்லை.

கூட்டத்தில் நடந்தது

இனி வருவது ஒருங்கிணைப்பாளரும் நானாயின் பேத்தியும் சொன்னது. எண்ணிக்கைத் தாளைப் பேத்தி வாசித்தாள். மூங்கில் கழி பிடித்து நின்ற பையன்களில் ஒருவன், கழுத்துவரை தன்னை நிறுத்திய இடம் எது, இடுப்புவரை நின்றவன் எங்கே நின்றான் என்று எழுந்து காட்டினானாம். சிரிப்பு. அதன் பிறகு யாரும் அளவைப் பற்றிச் சண்டை போடவில்லை. சண்டை வேறு இரண்டு விஷயத்தில் வந்தது. ஒன்று, கூலி போய்விடுமே என்ற பயம். இளைஞர்கள்தான் அதிகம் பேசினார்கள். இன்னொன்று, சிப்பி பொறுக்கும் இடம். மீனவர் சங்கத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள், ஒப்பந்தம் போட்டதும் அவர்கள்தான். கடல்புல் திட்டில் நடக்கும் பெண்களைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானாய் அதை அங்கேயே, எல்லோர் முன்னும் கேட்டார்.

தம்பதி அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணவர் வரைபடத்தோடு விளக்கியிருப்பார், எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டியிருப்பார்கள் என்று பேத்தி என்னிடம் சொன்னாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதற்காகக் காற்று எச்சரிக்கையை நல்லூழ் என்று நான் எழுதமாட்டேன். கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாததால் ஒரு விஷயம் விடுபட்டது: தாழ்ந்த இடத்துக்கும் நடத் தகுந்த இடத்துக்கும் எல்லை எது என்று கூட்டத்தில் யாருக்கும் துல்லியமாகத் தெரியவில்லை. அதன் விளைவு பிறகு தெரிந்தது.

முடிவு இப்படி அமைந்தது. பணம் ஏற்கெனவே வாங்கிவிட்ட ஒரு நிறுவனத்தின் கன்றுகளைச் சொன்னபடி சேற்றுத் திட்டிலேயே நட்டு முடிப்பது, ஆனால் பெண்கள் பொறுக்கும் பகுதியை விட்டு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் மரங்களின் உள்ளோரத்திலும், குத்தகைதாரரிடம் சொல்லி உடைந்த குளத்தின் ஒரு மூலையிலும்.

பின்னர் நடந்தவை

தம்பதி கடைசி நாட்களை நாற்றங்காலுக்குப் பந்தல் கட்டுவதில் கழித்துவிட்டுத் திரும்பினார்கள். பணம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று யோசித்து, கொடுக்கவில்லை. பதிலாக, அடுத்த எண்ணிக்கைக்கு ஐந்து பெண்களின் இரண்டு நாள் கூலியை முன்கூட்டியே சங்கத்தில் கட்டி ரசீது வாங்கினார்கள். என் பார்வையில் மொத்தப் பயணத்திலும் மிகச் சரியாகச் செலவான பணம் அதுதான்.

ஓராண்டு கழித்துப் பெண்கள் எண்ணினார்கள். சேற்றுத் திட்டில் நட்ட கடைசிப் பாத்தியில் பத்தில் ஒன்று மிஞ்சியிருந்தது. மரங்களின் உள்ளோரத்தில் நட்டவை இரண்டு விதமாக இருந்தன: மேட்டுப்பக்கம் பெரும்பாலானவை பிழைத்திருந்தன, கடல்பக்கம் எல்லை தெரியாமல் இறக்கி நட்டவை போய்விட்டன. குளத்து மூலையில் பாதிக்கு மேல் நின்றன. அங்கே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கரை உடைப்பை அடைக்காமல் விட்டதால் ஓதத்தோடு மியாபி விதைகள் தாமாகவே உள்ளே வந்து, நட்டவற்றைவிட அதிகமாக முளைத்திருந்தன. மீட்புப் பணியில் நீர்ப்போக்கைச் சரிசெய்தால் காடு தானே வரும் என்பது பழைய பாடம்; ஊர் அதைக் கண்ணால் பார்த்தது.

கெட்ட செய்தியும் உண்டு. பணம் கொடுத்துவந்தவர்களில் இருவர் விலகினார்கள். நாளொன்றுக்கு நடும் கன்றுகள் குறைந்ததால் அவர்களுக்கு ஆர்வமில்லை. சனிக்கிழமைக் கூலி சில மாதங்களுக்கு ஏறக்குறைய நின்றேபோனது. இளைஞர்கள் சிலர் கட்டட வேலை தேடி இலோயிலோ நகருக்குப் போனார்கள். ஒரு கல்லூரி மட்டும் பணத்தில் ஒரு பகுதியை நடும்போதும் மீதியை ஓராண்டு கழித்து உயிருள்ள கன்றை எண்ணியும் தர ஒப்புக்கொண்டது. எண்ணும் வேலைக்கும் அதிலிருந்தே கூலி. அந்த வேலை பெண்களிடம் வந்திருக்கிறது.

எவற்றை மாற்றியிருக்கிறோம்

இந்த நிகழ்வுக்குப் பிறகு நான் தயார்ப்படுத்தும் ஆட்களிடம், ஏற்கும் அமைப்புக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே போன ஆண்டு நட்டதில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறேன். எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. எண்ணவே இல்லை என்ற பதில் வந்தால், போவதாக இருந்தால் எண்ணுவதற்குப் போங்கள் என்கிறேன். நடும் நிலத்தை இப்போது யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி. அதைச் சங்கத் தலைவரிடம் மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும்.

வெளிநாட்டுத் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்க பிலிப்பைன்ஸில் அரசு முகமை ஒன்று இருக்கிறது. 2007இன் தன்னார்வப் பணிச் சட்டம் அதற்குப் பொறுப்புகளை வகுத்திருக்கிறது. நீண்ட காலம் போகிறவர்கள் அந்த வழியில் போவதே நல்லது. சில வாரங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணியாகவே நுழைகிறார்கள். அப்படிப் போகும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைக் குடிநுழைவு அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

தீவுப் பயணத்தைப் பணிக்காலத்துக்கு நடுவில் செருகாமல் ஒரு ஓரமாக வைப்பது நல்லது. செருகியே ஆக வேண்டுமென்றால், அமிஹான் மாதங்களில் திரும்பும் படகுக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே குறைந்தது மூன்று நான்கு நாள் விட வேண்டும், கையில் ரொக்கம் இருக்க வேண்டும். தரைவழியாகவே போய்வந்த அக்லான் பயணத்தை எந்தக் காற்றும் தடுக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். தம்பதியாகப் போகிறவர்களை ஒரே வேலையில் சேர்த்துவிடாமல் தனித்தனியே போடச் சொல்லி இப்போது அமைப்புகளுக்கு எழுதுகிறேன், சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஊரில் எல்லைக் குழப்பம் தீர்ந்திருக்கிறது. கணவர் அடுத்த விடுமுறையில் ஒரு வாரம் மட்டும் போய், நடலாம் என்ற மட்டத்தில் கான்கிரீட் கற்களை வரிசையாகப் பதித்துவிட்டு வந்தார். கற்களுக்குக் கடல்பக்கம் இப்போது யாரும் நடுவதில்லை. குளத்தின் கதைதான் முடியவில்லை. குத்தகையை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் குத்தகைதாரரின் மகன் பங்குஸ் வளர்ப்பைத் திரும்பத் தொடங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அலையாத்தி மரத்தை வெட்ட 1991 முதல் சட்டத்தில் தடை உண்டு என்றாலும், கரை உடைப்பை அடைத்துவிட்டால் வெட்டாமலேயே உள்ளிருப்பவை செத்துவிடும். அதனால் குளத்துக்குள் தானாக முளைத்தவற்றையும் சேர்த்து எண்ணி, படத்தோடு மனுவில் இணைக்க ஒருங்கிணைப்பாளரும் பெண்களும் தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.